விலகியிருக்கிறது, விலகுகிறது, விலகக்கூடும்

'குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டதா?' நம் வீடுகளில் நான்காம் மாதத்தை ஒட்டிக் கேட்கப்படும் கேள்வி இது. நான் வசிக்கும் கொச்சி தேவராவில் இதையே 'கழுத்து உறச்சோ?' என்று கேட்பார்கள். தமிழில் கழுத்து நிற்கிறது. மலையாளத்தில் அது உறுதிப்படுகிறது. ஒருமுறை நின்ற கழுத்து ஆயுள் முழுவதும் நிற்கும் என்னும் நம்பிக்கை இரு மொழிச் சொற்களுக்குள்ளும் பொதிந்திருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. மிகச் சிலரிடம் பொய்க்கிறது. அவர்களுக்குக் கழுத்தின் உச்சியிலுள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு போதாமல், தலை அசையும்போதெல்லாம் தண்டுவடம் நெருக்கப்படுகிறது. அவ்வெலும்புகளைத் திருகாணியிட்டு இணைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றியும், அதைப் பெற்றோரிடம் நாம் எந்த வினைமுற்றில் சொல்கிறோம் என்பதைப் பற்றியும் எழுத நெடுநாளாக எண்ணியிருந்தேன். பதிவு சற்று நீளமானது; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். மொழியியலில் முதுகலை முடித்து, தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கும் இடங்களில் வினைச்சொற்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய்ந்துவருபவன். எலும்புகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் பதிவின் நடுப்பகுதிவரை வந்துவிட்டுக் கேட்கலாம்.

முதலில் உடற்கூறு. கழுத்தில் ஏழு எலும்புகள். கீழுள்ள ஐந்தும் ஏறத்தாழ ஒரே வார்ப்பு. மேலுள்ள இரண்டு மட்டும் வேறு. முதலாவது ஒரு வளையம். வானத்தைச் சுமக்கும் தண்டனை பெற்ற கிரேக்கத் தொன்மப் பாத்திரத்தின் பெயரால் அதை 'அட்லஸ்' என்கிறார்கள். இரண்டாவதின் தலையில் ஒரு முளை உண்டு. திரிகையின் நடுமுளையைப் போல. மேற்கல் அம்முளையைச் சுற்றிச் சுழல்வதுபோல, தலையைச் சுமக்கும் வளையம் இந்த முளையைச் சுற்றிச் சுழல்கிறது. நாம் இடமும் வலமும் தலை திருப்புவதில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே இணைப்பில்தான் நிகழ்கிறது. முளை பின்னோக்கிச் சரிந்து தண்டுவடத்தில் மோதாதபடி ஒரு குறுக்கு நார் அதை முன்வளைவோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. வளையத்தின் உள்வெளியை மூன்று பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு முளைக்கு, ஒரு பங்கு தண்டுவடத்துக்கு, மீதி ஒரு பங்கு வெற்றிடம் என்று அறுவை மாணவர்களுக்குக் கற்பிப்பார்கள். அந்த வெற்றிடந்தான் மனிதருக்கு இயற்கை அளித்துள்ள பிழைப்பெல்லை. மூச்சை இயக்கும் நரம்புகள் அதற்குச் சற்றுக் கீழேதான் கிளம்புகின்றன.

குழந்தைகளில் இவ்வமைப்பு இன்னும் முடிவுறாத கட்டடம். உடலோடு ஒப்பிடத் தலை பெரிது, கழுத்துத் தசைகள் மெலிந்தவை, நார்கள் நெகிழ்வானவை, மூட்டுத் தளங்கள் தட்டையானவை. முளை இரண்டாம் எலும்பின் உடலோடு ஒட்டுவது ஏறத்தாழ ஆறு வயதில். முளையின் நுனி ஒட்டுவது பன்னிரண்டு வயதை ஒட்டி. முன்வளைவுக்கும் முளைக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களில் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயம் கொள்ளும் மருத்துவர்கள், குழந்தைகளில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்வரை இயல்பென்றே கொள்கிறார்கள். வளரும் உடலில் நெகிழ்வு எது, நோய் எது என்று பிரிப்பதே கடினம் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

இவ்விரு எலும்புகளைப் பிணைக்கும் முயற்சிகள் நூறாண்டுகளைக் கடந்தவை. தொடக்கத்தில் கம்பி. 1939இல் கேலி என்பவர் விவரித்த முறையில், பின்புறமாகக் கம்பி கட்டி, நடுவே இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை வைப்பார்கள். கம்பி இறுக்கும், ஆனால் சுழற்சியைத் தடுக்காது. எலும்பு ஒட்டும்வரை குழந்தை மாதக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். அதற்காக மண்டையோட்டில் ஊசிகளால் பொருத்திய ஒளிவட்டம் போன்ற வளையமும், அதைத் தாங்கும் மார்புக் கவசமும் வந்தன. பெரியவர்களுக்கு நான்கு ஊசிகள் போதும். சிறுகுழந்தையின் மெல்லிய மண்டையோட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஊசிகளை மென்மையான அழுத்தத்தில் பொருத்துகிறார்கள். இவ்வளையம் 1950களில் அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதத்தால் கழுத்து நிற்காமற்போனவர்களுக்காக உருவாக்கப்பட்டது என்பதைப் படித்தபோது, நம் 'கழுத்து நிற்பது' என்ற தொடர் நினைவுக்கு வந்தது. பின்னர் மாகர்ல் இரண்டு எலும்புகளையும் ஊடுருவிச் செல்லும் திருகாணி முறையைக் கொண்டுவந்தார். வலுவான பிணைப்பு; ஆனால் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முள்ளெலும்புத் தமனி அதே பாதையில் வளைந்து செல்கிறது. பலருக்கு அவ்வழி திருகாணிக்கு இடமே இருக்காது. பிறவியிலேயே எலும்பமைப்பு மாறிய குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

இந்த இடத்தில்தான் மும்பை வருகிறது. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை மாநகராட்சி நடத்துவது, 1926இல் தொடங்கப்பட்டது. அங்கே நரம்பியல் அறுவை நிபுணர் அதுல் கோயல், 1980களின் இறுதியிலிருந்து, முதல் எலும்பின் பக்கத் திரட்சியில் ஒரு திருகாணி, இரண்டாம் எலும்பில் தனியாக ஒரு திருகாணி, இரண்டையும் இணைக்க ஒரு தகடு என்னும் முறையைக் கையாளத் தொடங்கினார். மூட்டையே நேரடியாகத் திறந்து, குருத்தெலும்பைச் சுரண்டி, உள்ளே எலும்புத் துகள்களை வைத்து ஒட்டச் செய்வது அதன் சிறப்பு. 1994இல் லாஹேரியுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். 2001இல் ஜெர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸும் மெல்ஷரும் தகட்டுக்குப் பதிலாகத் தண்டையும் எத்திசையும் திரும்பும் தலையுள்ள திருகாணியையும் பயன்படுத்தி ஏறத்தாழ அதே முறையை வெளியிட்டார்கள். சில காலம் உலகம் அதை ஹார்ம்ஸின் பெயரால் மட்டுமே அழைத்தது. இன்று கோயல்-ஹார்ம்ஸ் முறை என்கிறார்கள். 2002இல் கோயலும் சகாக்களும் 160 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபோது, அவ்வெண்ணிக்கை மேற்கின் பல பெரிய மருத்துவமனைகள் எட்டமுடியாதது. வேலைக்குப் பேருந்தேறிச் செல்பவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு மாநகராட்சி மருத்துவமனை செப்பனிட்ட முறை அது. இதை நம் பாடநூல்கள் எங்கும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இந்தியாவுக்கும் இந்த இணைப்புக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. பிறவியிலேயே இவ்வெலும்புகள் விலகித் தண்டுவடம் பாதிக்கப்பட்ட 28 நோயாளிகளை மும்பையின் நோஷிர் வாடியா 1967இல் 'பிரெய்ன்' இதழில் விவரித்தார். அறுவை நிபுணர்களின் வரிசையோ நமக்கு அருகிலேயே தொடங்குகிறது: 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி ஒரு மலையாளி, அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பிற்காலத்தில் டெல்லி எய்ம்ஸில் சரத் சந்திரா, உள்ளே அமிழ்ந்த முளையை ஒரே அறுவையில் பின்புறமிருந்தே இறக்கிச் சீர்செய்யும் முறையை 2013இல் வெளியிட்டார். முன்பெல்லாம் இத்தகைய குழந்தைகளுக்கு வாய் வழியாகச் சென்று முளையை அகற்றிவிட்டு, பிறகு கவிழ்த்துப் பின்புறம் பிணைப்பார்கள். இன்று பலருக்கு அந்த முதல் அறுவையே தேவைப்படுவதில்லை.

ஆக, கையில் முறை இருக்கிறது. திறமை இருக்கிறது. எனக்குள்ள கேள்வி வேறு: யாருக்கு, எப்போது?

மருத்துவ ஆங்கிலத்தில் இந்நிலைக்கு வழங்கும் பெயரைத் தமிழில் 'நிலையின்மை' எனலாம். அது ஒரு பெயர்ச்சொல். பெயர்ச்சொற்களுக்குக் காலம் இல்லை. உறுதியும் ஐயமும் இல்லை. ஆனால் அந்த ஒற்றைப் பெயர்ச்சொல்லுக்குள் மூன்று வேறு வினைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, எலும்பு விலகியிருக்கிறது: இடம்பெயர்ந்து அங்கேயே நின்றுவிட்டது, படத்தில் தெரிகிறது. இரண்டாவது, எலும்பு விலகுகிறது: குனியும்போது நகர்ந்து நிமிரும்போது திரும்புகிறது, இரண்டு நிலையிலும் படமெடுத்தால் தெரியும். மூன்றாவது, எலும்பு விலகக்கூடும்: நார் தளர்ந்திருக்கிறது அல்லது முளை சரியாக வளரவில்லை, இன்றுவரை தீங்கில்லை, நாளை என்னவாகும் என்பது கணிப்பு. தமிழ் இலக்கணம் இம்மூன்றையும் துல்லியமாகப் பிரித்துத் தருகிறது. 'இரு' என்னும் துணைவினை நிலைத்துவிட்ட விளைவைக் காட்டும். நிகழ்காலம் மீளமீள நிகழ்வதைக் காட்டும். 'கூடும்' சாத்தியத்தைக் காட்டும். பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியது இம்மூன்றில் எது என்பதே. ஏனெனில் முதலிரண்டில், குறிப்பாகக் கைகால் பலவீனம் தொடங்கியிருந்தால், அறுவையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. மூன்றாவதில் பொறுத்திருந்து கண்காணிப்பதும் ஒரு சிகிச்சை.

இதை நான் ஏட்டில் மட்டும் கண்டு சொல்லவில்லை. மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மலையாளம் இரண்டாம் தாய்மொழி. ஆனால் மருத்துவத்துக்காகத் தேனி, கம்பம் பக்கங்களிலிருந்து மலையிறங்கி எறணாகுளம் வருபவர்களுக்கு அப்படியல்ல. 'ரெண்டு பாஷையும் ஒன்றுதானே' என்ற எண்ணத்தில் வருகிறார்கள். மருத்துவமனையும் அதே எண்ணத்தில் பேசுகிறது. ஒருமுறை, நண்பர் ஒருவர் அழைத்ததால், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் தாய்க்கும் மருத்துவர்களுக்கும் இடையே மொழிபெயர்க்க ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். நான் போவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே அக்குடும்பத்துக்கு நோய் விளக்கப்பட்டிருந்தது. அந்த அக்கா என்னிடம் சொன்னது இது: 'எலும்பு இளகிப்போச்சுன்னு சொன்னாங்க தம்பி. அன்னையிலருந்து கேப்பக்கூழும் முட்டையும் விடாமக் குடுக்குறேன். இன்னும் கெட்டிப்படலன்னா ஆப்ரேசன்தான்ங்கறாங்க.'

என்ன நடந்ததென்று எனக்கு உடனே விளங்கியது. 'எல்லினு இளக்கமுண்டு' என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் 'இளகுக' என்றால் அசைதல், ஆட்டங்காணுதல். ஆடும் பல்லையும் அச்சொல்லால் குறிப்பார்கள். தமிழில் 'இளகுதல்' என்றால் மென்மையாதல், உருகுதல். வெல்லம் இளகும், மெழுகு இளகும், மனம் இளகும். ஒரே வேர், எதிரெதிர்த் திசையில் சென்ற இரு பொருள்கள். செவிலியர் பொய் சொல்லவில்லை. தாய் தவறாகக் கேட்கவுமில்லை. ஆனால் எலும்புகளுக்கு இடையிலான அசைவு, எலும்பின் மென்மையாக மாறிவிட்டது. அசைவுக்கு மருந்து அசையாமல் காப்பது. மென்மைக்கு மருந்து சத்துணவு. அத்தாய் நான்கு மாதங்கள், தான் விளங்கிக்கொண்ட நோய்க்குச் சரியான சிகிச்சையை அளித்துக்கொண்டிருந்தார். சிறுவனோ அந்நான்கு மாதங்களும் மரமேறியும் குட்டிக்கரணம் போட்டும் திரிந்திருக்கிறான்.

அவனுக்கிருந்தது, முளை இரண்டாம் எலும்போடு ஒட்டாமல் தனித் துண்டாக நிற்கும் நிலை. குனிந்த படத்தில் முதல் எலும்பு அத்துண்டோடு சேர்ந்து முன்னே நகர்ந்தது. நிமிர்ந்த படத்தில் திரும்பியது. அதாவது, 'விலகுகிறது'. திரிகையின் மேற்கல்லையும் முளையையும் சொல்லி விளக்கியதும் அந்த அக்கா கேட்டார்: 'அப்பக் குனியாம இருந்தாப் போதுமா?' அறுவை நிபுணருக்கு இதை மொழிபெயர்த்தபோது அவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நூறாண்டு மருத்துவ வரலாற்றின் மையக் கேள்வியல்லவா அது! கழுத்துப் பட்டையும் ஊசி வளையமும் அக்கேள்விக்கான விடைகள்தாம். சில நோய்களில் அது சரியான விடையே. ஆனால் ஒட்டாத முளை, பட்டை அணிந்து காத்திருப்பதால் ஒட்டிவிடாது. ஆறு வயதுப் பையனைக் குனியாமல், விழாமல் வாழவைக்கவும் இயலாது என்று அவர் விளக்கினார். தந்தை கேட்டது வேறு: 'பின்னாடி திரும்பிப் பாப்பானா?' அன்று எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாக விடை கிடைத்தது. பிறகு அறுவையும் முடிந்து ஊர் திரும்பினார்கள்.

தந்தையின் கேள்வியை நான் மறக்கவில்லை. பிணைப்பு என்பது குணமாக்கல் அன்று, ஒரு பண்டமாற்று. தண்டுவடத்தின் பாதுகாப்புக்கு ஈடாகச் சுழற்சியில் பெரும்பகுதியை ஆயுள் முழுவதற்கும் கொடுத்துவிடுகிறோம். கீழுள்ள மூட்டுகள் ஓரளவு ஈடுகட்டும். சிறுவயதில் செய்யப்பட்டால் குழந்தைகள் வியக்கத்தக்க விதத்தில் பழகிக்கொள்கிறார்கள். கழுத்தின் வளர்ச்சியும் பெரிதும் தொடர்கிறது என்றே நெடுங்காலக் கண்காணிப்புகள் காட்டுகின்றன. ஆனால் மண்டையோட்டையும் சேர்த்துப் பிணைக்க நேர்ந்தால் 'ஆம்' என்று தலையசைக்கும் அசைவும் பெரிதும் போய்விடும். தேவையான இடத்தில் இது நியாயமான விலை. நடக்கும் திறனை இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு இந்த அறுவை மறுபிறப்பு. 'கூடும்' என்ற வினைமுற்றுக்காக மட்டும் அதே விலையைக் கொடுக்கலாமா என்பதே என் கேள்வி.

இக்கேள்வி இன்று கற்பனையன்று. அதுல் கோயலே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக 'நிலையின்மை' என்னும் சொல்லின் எல்லையை விரித்துவருகிறார். வழக்கமான படங்களில் எந்த விலகலும் தெரியாவிட்டாலும், மூட்டுத் தளங்கள் நேர்க்கோட்டில் இருந்தாலும், அறுவையின்போது கையால் அசைத்துப் பார்த்தால் நிலையின்மை புலப்படும் என்பது அவர் வகைப்பாட்டின் மூன்றாம் பிரிவு. சிறுமூளையின் கீழ்நுனி மண்டையோட்டின் அடித்துளை வழியே இறங்கிவிடும் சியாரி கோளாற்றுக்கும் மூலகாரணம் இந்த மறைந்த நிலையின்மையே என்று வாதிட்டு, இரு எலும்புகளையும் பிணைத்த 65 நோயாளிகளின் விளைவுகளை 2015இல் வெளியிட்டார். உலகின் பெரும்பாலான மருத்துவர்கள் சியாரிக்கு அடித்துளையை அகலப்படுத்தும் அறுவையையே செய்கிறார்கள். கோயலின் கருத்தை ஏற்பவர்கள் இருக்கிறார்கள். கடுமையாக மறுப்பவர்கள் மிகுதி. மறுப்பின் சாரம் எளியது: திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லப்படும் நோயை, திறக்கும் முன் இல்லையென்று யார் நிறுவ முடியும்?

கோயலின் கைத்திறன் மீதும் நேர்மை மீதும் எனக்கு ஐயமில்லை. மேலே நான் எழுதிய பாராட்டில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆயினும் ஒரு சொல் விரியும்போது அதன் உள்ளே யார் யார் வந்து சேர்கிறார்கள் என்று கவனிப்பது எங்கள் துறையின் பழக்கம். 'நிலையின்மை' முன்பு காணப்படுவது, இப்போது அனுமானிக்கப்படுவது. இரண்டும் ஒரே பெயரில் பெற்றோரின் காதில் விழுகின்றன. நடுநிலையான ஒப்பீட்டு ஆய்வுகள் வரும்வரை, படத்தில் விலகல் தெரியாத குழந்தைக்குப் பிணைப்பைப் பரிந்துரைப்பவர், 'இது என் கருத்து. இத்துறையில் பெரும்பான்மையோர் வேறாகக் கருதுகிறார்கள்' என்று பெற்றோரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

தமிழ் மருத்துவர்களிடம் இன்னொரு சிறு வேண்டுகோள். நம் 'லாம்' விகுதி மிகவும் வழுக்கலானது. 'மழை வரலாம்' என்றால் சாத்தியம். 'நீ போகலாம்' என்றால் அனுமதி. 'வா, சாப்பிடலாம்' என்றால் அழைப்பு. 'ஆபரேஷன் பண்ணலாம்' என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மனத்தில் இருப்பது முதற்பொருளாக இருக்கலாம்: அது ஒரு வழி. எதிரே கைகட்டி அமர்ந்திருப்பவருக்குக் கேட்பது மூன்றாம் பொருள்: முடிவு செய்தாயிற்று, வாருங்கள். மேசைக்கு எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து விகுதியின் பொருள் மாறுகிறது. 'செய்வது ஒரு வழி, ஆறு மாதம் பார்ப்பது இன்னொரு வழி' என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

எதிர்த்திசையிலும் தவறு நிகழ்கிறது. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 100க்கு 10 முதல் 20 பேருக்குப் படத்தில் இடைவெளி மிகுந்திருக்கிறது. ஆனால் தண்டுவட அறிகுறிகள் தோன்றுவது 100க்கு ஒருவர் அல்லது இருவருக்கே. 1983இல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பு, டவுன் குழந்தைகள் சில விளையாட்டுகளில் பங்கேற்குமுன் கழுத்துப் படம் எடுக்க வேண்டுமென்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 1984இல் அதை ஆதரித்தது. 1995இல் அவ்வறிக்கையை விலக்கிக்கொண்டது. 2011இல் அறிகுறியற்ற குழந்தைகளுக்கு வழக்கமாகப் படமெடுக்க வேண்டாமென்றே சொன்னது. காரணம், இன்று இயல்பாக உள்ள படம் நாளைக்கு உறுதி தருவதில்லை. இன்று இடைவெளி மிகுந்த குழந்தை நாளை நோயுறும் என்பதுமில்லை. படத்தைவிடப் பயன் தருவது பெற்றோரின் கண். ஓடிய குழந்தை தடுமாறத் தொடங்குவது, படியேறத் தயங்குவது, கழிவறைப் பழக்கம் வந்தபின் மீண்டும் ஆடையில் சிறுநீர் கழிப்பது, கைப்பிடி தளர்வது, தலையை ஒருபுறமாகச் சாய்த்தே வைத்திருப்பது, கழுத்து வலி: இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் உடனே காட்ட வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவரிடம் கழுத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய் செருகத் தலையை மிகையாகப் பின்னுக்கு வளைப்பது இக்குழந்தைகளுக்கு ஆபத்து.

இந்த ஏழெட்டு வரிகளைத் தமிழில் அச்சிட்டுத் தருவதற்கு எவ்வளவு செலவாகும்? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நோய்ப்பட்டியலில் டவுன் நோய்க்குறி இருக்கிறது. மாவட்டந்தோறும் ஆரம்பகட்ட இடையீட்டு மையங்கள் இருக்க வேண்டுமென்பது அதன் ஏற்பாடு. அங்கு வரும் ஒவ்வொரு தாயின் கையிலும் அத்தாள் இருக்கலாம். (இந்த 'லாம்' வேண்டுமென்றே இட்டது, மூன்றாம் பொருளில்.) அதை விடுத்து, அஞ்சி எல்லாக் குழந்தைகளையும் ஓட்டப் பந்தயத்திலிருந்து விலக்கி மூலையில் உட்காரவைக்கும் பள்ளிகளை இரு மாநிலங்களிலும் கண்டிருக்கிறேன்.

'சுளுக்கு' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொண்டைப்புண்ணோ காய்ச்சலோ வந்து தணிந்த சில நாளில் குழந்தையின் தலை ஒருபக்கம் திரும்பி நின்றுவிடுவதுண்டு. 1930இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இதை கிரிசல் நோய்க்குறி என்கிறார்கள். அழற்சியால் நார்கள் தளர்ந்து, முதல் எலும்பு இரண்டாவதன்மேல் திரும்பிச் சிக்கிக்கொள்கிறது. முதல் வாரத்திலேயே காட்டினால் நோய்த்தொற்று மருந்து, வலிநிவாரணி, கழுத்துப் பட்டை, தேவையானால் சில நாள் இழுவை. பெரும்பாலும் இவ்வளவே போதும், கத்தியே வேண்டாம். வாரக்கணக்கில் தாமதித்தால்தான் அறுவைக்குப் போகிறது. ஆனால் நம்மிடம் அது 'கழுத்துச் சுளுக்கு'. சுளுக்கு என்றால் எண்ணெய் தேய்த்து வழித்து ஒரு திருப்பு. இங்கே 'உளுக்கு' என்பார்கள், கதை அதேதான். தசைப்பிடிப்புக்குச் சுளுக்கெடுப்பவர்களின் கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் பாட்டியும் அவர்களிடம்தான் போனார். காய்ச்சலுக்குப் பின் திரும்பிய குழந்தையின் கழுத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது.

ஒப்புதல் படிவத்துக்கு வருகிறேன். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளி போதுமான அளவு அறிந்து தரும் ஒப்புதலே ஒப்புதல் என்றது. குழந்தைக்காகக் கையெழுத்திடும் பெற்றோருக்கும் இந்த அறிதல் உரியது. 'போதுமான அளவு அறிந்து' என்பது மொழியைப் பற்றிய தொடர். நான் கண்ட படிவங்களில் பல ஆங்கிலத்தில் இருந்தன. கேரளத்தில் மலையாளத்திலும் உண்டு. தமிழ்நாட்டிலேயே தமிழ்ப் படிவத்தில் சிகிச்சையின் பெயருக்கான கோடிட்ட இடம் மட்டும் ஆங்கிலத்தில் நிரப்பப்படுகிறது. அக்கோட்டில்தானே எல்லாம் இருக்கிறது! 'தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது' என்பவர்களுக்கு ஒன்று: 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். மேலே நான் எழுதிய பத்திகளும் தமிழில்தான் இருக்கின்றன.

எறணாகுளத்துப் பெரிய மருத்துவமனைகளில் அரபு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அயல்நாட்டு நோயாளிகளுக்காக. தேனியிலிருந்து வருபவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையென்று யாருக்கும் தோன்றுவதில்லை. மொழிகள் நெருக்கமானவை என்பதால். 'இளக்கம்' போன்ற சொற்கள் இந்த நெருக்கத்தில்தான் பிறக்கின்றன. எவ்வித உறவுமில்லாத மொழியில் பேசினால் விளங்கவில்லை என்றாவது தெரிந்துவிடும்.

இத்தகைய சொற்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். குமரி, நெல்லை, கொங்கு, தஞ்சை, ஈழம், மலையகம் என உங்கள் ஊரில் குழந்தைக்குக் கழுத்து நிற்பதையும், கழுத்துப் பிடித்துக்கொள்வதையும், எலும்பு நழுவுவதையும் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். மருத்துவமனையில் ஒரு சொல் வேறு பொருளில் விளங்கிக்கொள்ளப்பட்ட அனுபவம் இருந்தால், மருத்துவமனையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்து அதையும் எழுதுங்கள். தாளை அச்சிடும் வேலைக்கு இரண்டு குழந்தை மருத்துவர்கள் உடன்வர இசைந்திருக்கிறார்கள். வரைவு ஆயத்தமானதும் இங்கேயே பகிர்கிறேன்.